லேட்டரல் என்ட்ரியில் சேர்ந்து, தினமும் வீட்டிலிருந்து போய்வரும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேருகிறீர்கள். விடுதியில் தங்கப்போவதில்லை, தினமும் ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் போய்வரப்போகிறீர்கள். அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் போய்வந்தே நான் படிப்பை முடித்தேன். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் போய்ச் சேரும் வகுப்பில் மற்றவர்கள் ஏற்கெனவே ஓராண்டு ஒன்றாகப் படித்தவர்கள். யார் யாரோடு உட்காருவது, லேப்பில் யார் யாரோடு சேருவது என்பதெல்லாம் முதலாண்டிலேயே முடிவாகியிருக்கும். பாதிப் பேர் விடுதியில் இருப்பார்கள். வகுப்பு விவகாரங்கள் பெரும்பாலும் அங்கே இரவு பத்து மணிக்குப் பேசித் தீர்க்கப்படும். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். ஆகவே நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்: உங்களிடம் இருப்பது மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஏழு மணி வரை கல்லூரியில் இருக்க முடிகிற மாதிரி போக்குவரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

1. பாலிடெக்னிக்கை விட்டு வெளியேறும் முன் எடுக்க வேண்டியவை

மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டயச் சான்றிதழ். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் விட்டுவிடுவது இரண்டு. ஒன்று, உங்கள் யூமிஸ் எண், அதாவது உயர்கல்வி மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளத்தில் உங்களுக்குத் தந்திருக்கும் எண். பாலிடெக்னிக் அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு உதவித்தொகை விண்ணப்பங்களில் கேட்பார்கள். இன்னொன்று, எதற்கும் பாக்கி இல்லை என்ற சான்று. நூலகத்திலோ லேப்பிலோ ஏதாவது பாக்கி என்று மாற்றுச் சான்றிதழை நிறுத்திவைத்தால், கலந்தாய்வு முடிந்து கல்லூரியில் சேரும் கெடு நெருங்கும் நேரத்தில் ஓட வேண்டியிருக்கும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று வரிசையாக ஒப்புதல் ஆக வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் வரை காத்திருக்காமல் கடைசி செமஸ்டர் நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பெயரின் தலைப்பெழுத்து ஆதாரில் ஒரு மாதிரியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரியும் இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். உதவித்தொகைப் பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அங்கே ஒரு புள்ளி வித்தியாசம்கூடச் சிக்கலாகிவிடும்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் மட்டும் கல்லூரியிடம் தங்கும். மற்றவற்றின் அசலைக் காட்டிவிட்டு, சுய கையொப்பமிட்ட நகல்களைக் கொடுங்கள். எல்லாவற்றிலும் பத்துப் பதினைந்து நகல் எடுத்து ஒரு கோப்பில் போட்டுப் பையிலேயே வைத்திருங்கள். கல்லூரி வளாகத்து ஜெராக்ஸ் கடையில் சேர்க்கை நாளன்று நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்பது புரியும்.

2. கல்லூரி பஸ்ஸுக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள்

சேர்க்கை நாளன்று கட்டணக் கவுன்டரிலேயே கேட்பார்கள்: "கல்லூரி பஸ்தானே? எந்த ஸ்டாப்?" பெற்றோரும் பாதுகாப்பு என்று எண்ணித் தலையசைத்துவிடுவார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் பொறுங்கள்.

கல்லூரி பஸ் கட்டணம் பெரும்பாலும் ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்ட வேண்டியது. நடுவில் நின்றால் திரும்பக் கிடைக்காது என்று ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. கடைசி வகுப்பு முடிந்த பதினைந்து இருபது நிமிடத்தில் பஸ் கிளம்பிவிடும். மன்றக் கூட்டம், விளையாட்டுப் பயிற்சி, சிம்போசியம் வேலை, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது எல்லாம் அதற்குப் பிறகுதான் நடக்கும். ஆண்டு முழுதும் அந்த பஸ்ஸில் போகிறவர் கல்லூரியை வகுப்பறையாக மட்டுமே பார்த்துவிட்டு வெளியேறுவார்.

கட்டணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாலையில் இரண்டாவது டிரிப் உண்டா? ஒரு செமஸ்டருக்கு மட்டும் கட்ட முடியுமா? லேட்டரல் மாணவர்கள் தாமதமாகச் சேர்வதால் கட்டணம் குறையுமா? இரண்டாவது டிரிப் இருந்தால் கல்லூரி பஸ் நல்லதே. கிராமத்துக்குள் இருக்கும் வீடு, இரவில் பஸ் வசதி இல்லாத ஊர் என்றால் வேறு வழியும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் கீழே ஆறாம் பகுதியில் சொல்லியிருக்கும் சனிக்கிழமை வேலைகளைப் பாருங்கள். ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு வாரம் ரயிலில் போய்வந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

3. சீசன் டிக்கெட்டும் பஸ் பாஸும்

மாணவர் சலுகை சீசன் டிக்கெட்டைக் கவுன்டரில்தான் எடுக்க வேண்டும். ரயில்வேக்கென்று ஒரு படிவம் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். முதல்வர் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். அதில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையமும் கல்லூரிக்கு அருகிலுள்ள நிலையமும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வீட்டு முகவரிக்கும் எழுதிய நிலையத்துக்கும் பொருத்தம் இல்லையென்றால் கவுன்டரில் இருப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். உதாரணமாக, முகவரி மறைமலை நகர் என்று இருக்க, ரயில் ஏற வசதி என்று சிங்கபெருமாள்கோவில் என எழுதிவிட்டால் கேள்வி வரும். பிறந்த தேதி, படிப்பு, எந்த ஆண்டு ஆகியவற்றையும் கவனியுங்கள். "முதலாம் ஆண்டு" என்று பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். நீங்கள் இரண்டாம் ஆண்டு.

பொதுப் பிரிவு மாணவர்களுக்குச் சீசன் டிக்கெட்டில் பாதிக் கட்டணச் சலுகை. 25 வயது வரை. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 27 வயது வரை, சலுகையும் கூடுதல். பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதாந்திரச் சீசன் டிக்கெட் இலவசம். இது தெரியாமல் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்த மாணவிகளை என் ரயிலிலேயே பார்த்திருக்கிறேன். தங்கைகளே, கேட்டு வாங்குங்கள்.

மூன்று மாதச் சீசன் டிக்கெட்டின் விலை மாத டிக்கெட்டைப் போல 2.7 மடங்கு. மிச்சம் சிறிதுதான்; ஆனால் வரிசையில் நிற்கும் வேலை குறையும். செமஸ்டர் விடுமுறை நடுவில் வராதபடி தொடங்கும் தேதியைப் பார்த்து எடுங்கள். சாதாரண இரண்டாம் வகுப்புச் சீசனை வைத்துக்கொண்டு முதல் வகுப்பிலோ, கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரல் முதல் ஓடும் ஏ.சி. மின்சார ரயிலிலோ ஏற முடியாது. அவசரத்தில் வந்து நிற்கிற ரயிலில் ஏறிவிட்டு அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. சீசன் டிக்கெட்டோடு அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். கல்லூரி அடையாள அட்டை வரச் சில வாரம் ஆகும், அதுவரை ஆதார்.

பஸ்ஸைப் பொறுத்தவரை ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். அரசு பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருந்திருக்கும். தனியார் பொறியியல் கல்லூரிக்கு வந்ததும் அது கிடையாது. மாணவர் சலுகைக் கட்டண பாஸ்தான். பழைய பாஸைக் காட்டிப் பயணம் செய்யாதீர்கள். மாணவிகளுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பயணம் இலவசம் என்பது எல்லோரும் அறிந்ததே. சென்னையில் பல தடங்களில் மாறி மாறிப் போகிறவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 1000 ரூபாய் மாத பாஸ் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்து எடுங்கள். ஒரே தடத்தில் போகிறவருக்கு அது தேவைப்படாது.

கல்லூரியில் படிவம் கேட்கும்போது ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள்: ரயில்வே படிவம், பஸ் பாஸ் படிவம், வங்கிக்கும் உதவித்தொகைக்குமாக போனஃபைடு சான்றிதழ் (இந்தக் கல்லூரி மாணவர்தான் என்ற சான்று) மூன்று. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கையொப்பம், முதல்வர் கையொப்பம் என்று ஒரு சுற்று. மதிய உணவு இடைவேளையில் அலுவலகமும் சாப்பிடப் போயிருக்கும். காலை பத்தரைக்குப் போங்கள்.

4. முதல் வாரத்தில் கிளாஸ் அட்வைசரைப் பாருங்கள்

லேட்டரல் கலந்தாய்வு முடிந்து நீங்கள் சேரும்போது மூன்றாம் செமஸ்டர் தொடங்கியிருக்கலாம். முதல் நாளே கிளாஸ் அட்வைசரைப் பார்த்து, உங்கள் வருகைப் பதிவு சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறதா என்று கேளுங்கள். நடந்து முடிந்த இன்டர்னல் தேர்வுக்கு உங்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள். வாய்வார்த்தையோடு விடாமல் ஒரு விண்ணப்பம் எழுதிக் கையொப்பம் வாங்கி நகலை வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிவில் வருகை குறைந்தவர்களின் பட்டியல் ஒட்டும்போது அந்த ஒரு தாள் உதவும்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் வருகை 75 சதவீதம் வேண்டும். அதற்குக் கீழே 65 வரை இருந்தால் மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு மட்டுமே, கட்டணம் கட்டி, தேர்வு எழுத அனுமதி. ரயில் தாமதம் அந்தக் காரணங்களில் வராது. ஆகவே கல்லூரி தொடங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும் ரயிலை உங்கள் ரயிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முந்தையதுதான் உங்கள் ரயில். தினமும் முதல் மணி நேரத்தில் ஐந்து நிமிடம் தாமதமாகப் போகிறவர் அந்த ஒரு பாடத்தில் மட்டும் பாதாளத்துக்குப் போயிருப்பார். செமஸ்டர் கடைசியில்தான் அது தெரியும்.

போட்டி, முகாம், சிம்போசியம் என்று கல்லூரி சார்பில் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைக்கும், அந்த நாள் வருகையாகக் கணக்கில் வரும். போவதற்கு முன்பே படிவத்தில் கையொப்பம் வாங்குங்கள். போய்வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றால் ஆசிரியர் மறந்திருப்பார்.

வகுப்பு வாட்ஸ்அப் குழு இரண்டு இருக்கும். ஆசிரியர் இருக்கும் குழு ஒன்று, இல்லாத குழு ஒன்று. லேட்டரல் மாணவர்களை முதலாவதில் மட்டும் சேர்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். இரண்டாவது ஒன்று இருக்கிறதா என்று வகுப்புப் பிரதிநிதியிடம் நேராகக் கேளுங்கள். அசைன்மென்ட் தேதி மாறுவது, லேப் குழு பிரிப்பது, நாளைக்கு முதல் வகுப்பு இல்லை என்பது எல்லாம் அங்கேதான் வரும். காலை ஐந்தரைக்கு எழுந்து ரயில் பிடிக்கிறவருக்குக் கடைசிச் செய்தியின் அருமை தெரியும்.

5. விட்டுப்போன கணிதத்தை ரயிலில் அல்ல, மேசையில் படியுங்கள்

செய்முறையிலும் வரைபடத்திலும் நீங்கள் வகுப்பில் முன்னால் இருப்பீர்கள். கணிதத்தில் அப்படி இருக்காது. மற்றவர்கள் முதலாண்டில் இரண்டு கணிதத் தாள் எழுதிவிட்டு வந்திருப்பார்கள். நீங்கள் நேரே மூன்றாவதில் உட்காருகிறீர்கள். ஃபூரியர் தொடர் போர்டில் போகும்போது பகுதி பகுதியாகத் தொகையிடுவது கைவராவிட்டால் அரியர் விழும் இடம் அதுதான். முதலாண்டுக் கணித நோட்டை வகுப்பில் ஒருவரிடம் வாங்கி, தொகையீடு, பகுதி வகையிடல், அணிகள் மூன்றை மட்டும் முதல் மாதத்தில் போட்டுப் பழகுங்கள். நோட்டு கேட்பது பேச்சைத் தொடங்கவும் நல்ல வழி. எனக்கு வகுப்பில் கிடைத்த முதல் நண்பன் அப்படிக் கிடைத்தவன்தான்.

நின்றுகொண்டு போகிற ரயிலில் கணக்குப் போட முடியாது. அதை நம்பி நேர அட்டவணை போடாதீர்கள். ரயிலில் காதால் கேட்கிற பாடம் சரிவரும். ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடங்களான என்.பி.டி.இ.எல். வீடியோக்களை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வு எழுதத்தான் 1000 ரூபாய். வாராந்திர அசைன்மென்டுக்கு 25 சதவீதமும் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதமும் மதிப்பெண். உங்கள் கல்லூரியில் அதற்கு கிரெடிட் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

6. முதல் மாதத்திலேயே ஏதாவது ஒன்றில் சேருங்கள்

"இந்த செமஸ்டர் போகட்டும், பழகின பிறகு பார்க்கலாம்" என்று நினைப்பீர்கள். உங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. தேசிய மாணவர் படையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு "பி" சான்றிதழ், மூன்றாம் ஆண்டில் "சி" சான்றிதழ். உங்களிடம் சரியாக மூன்று ஆண்டு இருக்கிறது. இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் சேர்ந்தால்தான் "சி" கிடைக்கும். ஓராண்டு தள்ளினால் கிடைக்காது. ராணுவ அதிகாரிப் பணிக்கான என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு அந்தச் சான்றிதழ் தேவை. முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும்தான் சேர்க்கை என்று யாராவது சொன்னால், பொறுப்பு அதிகாரியாக இருக்கும் ஆசிரியரையே பார்த்து, லேட்டரல் மாணவர் என்று சொல்லிக் கேளுங்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. தினமும் வீடு திரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த முகாமைத்தான். ஒரு கிராமத்துப் பள்ளியில் பாய் விரித்துப் படுத்து, காலையில் கால்வாய் தூர்வாரி, மதியம் வரிசையில் நின்று சாம்பார் வாளி தூக்கிப் பரிமாறும்போது, ஓராண்டாகப் பெயர் தெரியாமல் இருந்தவர்களெல்லாம் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வழக்கமான பணிகள் பல சனிக்கிழமைகளில் நடப்பதால் கல்லூரி பஸ்ஸை நம்பியிருப்பவர்களும் கலந்துகொள்ள முடியும்.

தொழில்நுட்பப் பக்கம் ஆர்வம் என்றால் துறைச் சங்கம், எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் அமைப்பு), ஐ.இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு) போன்றவற்றின் மாணவர் கிளைகள். லேத், வெல்டிங் தெரிந்த டிப்ளமோ மாணவரை வண்டி கட்டும் குழு கையோடு இழுத்துக்கொள்ளும். உங்கள் பலம் அங்கே இருக்கிறது. கூச்சப்படாமல் பட்டறைக்குப் போய் நில்லுங்கள். மத்திய அரசு மாணவர்களுக்கு நடத்தும் போட்டியான ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தான் குழுவுக்கு ஆறு பேர் வேண்டும், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். குழுக்கள் விடுதியில் ஒரே இரவில் சேர்ந்துவிடும் என்பதால், கல்லூரி அளவிலான தேர்வு அறிவிக்கும் முன்பே இரண்டு பேரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

ஒன்று போதும். நான்கில் சேர்ந்து நான்கிலும் ஐந்து மணிக்கு எழுந்து போகிறவரை யாரும் பொறுப்பில் வைக்க மாட்டார்கள். ஒன்றில் சேர்ந்து, "செவ்வாயும் வியாழனும் ஏழு மணி வரை இருப்பேன், மற்ற நாள் முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன நாளில் இருங்கள். வீட்டிலும் அதே இரண்டு நாளைச் சொல்லி வையுங்கள். அம்மா தினமும் போன் செய்து விசாரிக்கும் தேவை இருக்காது.

7. உதவித்தொகை: லேட்டரல் மாணவர்களுக்கும் உண்டு

மாணவிகள் கட்டாயம் பார்க்க வேண்டியது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வழங்கும் பிரகதி உதவித்தொகை. ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை விண்ணப்பிக்கலாம். முதலாண்டு மாணவிகளுக்கு மட்டும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சேர்ந்த அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு நினைவு வந்தால் வாய்ப்பு போய்விடும். 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு சக்ஷம் என்ற திட்டம், அதே தொகை. இரண்டுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் அனுப்பியதோடு வேலை முடியாது. கல்லூரி உள்நுழைந்து சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் கணக்கு. விண்ணப்பித்த மறுநாளே அச்செடுத்து அலுவலகத்தில் கொடுத்து, நிலை மாறியதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் ஆகியவற்றுக்குக் கல்லூரியில் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். சேர்ந்த வாரமே அவரைக் கண்டுபிடியுங்கள்.

8. பகலில் இருக்க ஓர் இடம்

விடுதி மாணவருக்கு அறை இருக்கிறது. உங்களுக்குப் பைதான் அறை. லேப் கோட், ரெக்கார்டு, டிராஃப்டர், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கூட்டத்தில் ஏறி இறங்குவது உடம்பை வாட்டும். துறை லேப்பில் பூட்டு அலமாரி காலியாக இருக்கிறதா என்று லேப் உதவியாளரிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒரு மூலை கிடைக்கும்.

ஆறு மணிக்குக் கட்டிய சாதம் பன்னிரண்டரை வரை தாங்க வேண்டும். வெயில் மாதங்களில் தேங்காய் சேர்ந்தது வேண்டாம். புளிசாதம், எலுமிச்சை சாதம், சப்பாத்தி சரி. மாலை இருக்கும் நாளுக்கு வேர்க்கடலையோ வாழைப்பழமோ தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேன்டீன் செலவு கண்ணுக்குத் தெரியாமல் சீசன் டிக்கெட்டைவிட அதிகமாகிவிடும்.

9. மழைக்காலமும் செமஸ்டர் தேர்வும்

இரண்டும் நவம்பர், டிசம்பரில் சேர்ந்தே வரும். மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார். உங்கள் வீடு செங்கல்பட்டு மாவட்டத்திலும் கல்லூரி சென்னையிலோ காஞ்சிபுரத்திலோ இருந்தால், செல்லுபடியாவது கல்லூரி இருக்கும் மாவட்டத்தின் அறிவிப்பு. "பள்ளிகளுக்கு மட்டும்" என்பதையும் "பள்ளி, கல்லூரிகளுக்கு" என்பதையும் பார்த்துப் படியுங்கள். பல்கலைக்கழகத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டதா என்பது தனி அறிவிப்பு. கல்லூரிக்கு விடுமுறை என்பதால் தேர்வும் இல்லை என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். வகுப்புப் பிரதிநிதியின் எண்ணோடு தேர்வுப் பிரிவு அலுவலக எண்ணும் கைபேசியில் இருக்கட்டும்.

கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளுக்கு முந்தைய இரவு விடுதி நண்பரின் அறையில் தங்க முடியுமா என்று பாருங்கள். வெளி மாணவர் தங்க வார்டனின் அனுமதி வேண்டும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே, ஹால் டிக்கெட் நகலும் பெற்றோர் கையொப்பமிட்ட கடிதமும் வைத்துக் கேளுங்கள். மாணவிகளுக்கு இதில் கெடுபிடி அதிகம், ஆகவே இன்னும் முன்பாகவே. அனுமதி கிடைக்காவிட்டால் காலைத் தேர்வுக்கு வழக்கமான ரயிலுக்கு இரண்டு ரயில் முன்னதாகக் கிளம்புங்கள். ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பையில் வைக்காமல் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வையுங்கள். நெரிசலில் பை கைமாறி எங்கேயோ போய்விடும். அவை உங்களிடமே இருக்க வேண்டும்.